சீனியை நிறுத்திவிட்டோம், சோற்றை அளந்தோமா?

"சீனியக் கண்ணாலயும் பாக்கிறதில்ல மிஸ். தேத்தண்ணிகூட வெறுஞ்சாயந்தான். அப்புறம் ஏன் கிளினிக் போற நேரமெல்லாம் கூடியிருக்கு, கூடியிருக்குன்னு சொல்றாங்க?"

ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வாசற்படியில் அமர்ந்துகொண்டு ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. வயது 58. முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கையில் கிளினிக் புத்தகம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சீனியின் அளவு 214 என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்து லயத்தில் வாழ்ந்த அவருடைய உறவுக்காரப் பெண்ணுக்கு இதே வருத்தத்தால் கால் விரலில் புண் ஏற்பட்டு, விரலை எடுத்து, பின்னர் பாதத்தையும் எடுக்க வேண்டி வந்தது. அந்தப் பயம் அவருடைய கண்களில் தெரிந்தது. "எனக்கும் அப்படி ஆகிருமா மிஸ்?" என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அடிக்கடி குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

கண்டி நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் பெண்களுடன் பணிபுரியும் எனக்கு, இந்தக் கேள்வி புதிதல்ல. கட்டுகஸ்தோட்டையில் தையல் வேலை செய்யும் சகோதரியும் இதைத்தான் கேட்டார். கம்பளையில் கடை வைத்திருப்பவரின் மனைவியும் இதைத்தான் கேட்டார். எல்லோரும் சீனியை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் சோற்றையும் ரொட்டியையும் பாணையும் யாரும் அளந்து பார்க்கவில்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ஒரு நாள் சாப்பாட்டின் கணக்கு

அந்தத் தாயிடம், "நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள், அம்மா?" என்று கேட்டேன். காலையில் மூன்று ரொட்டியும் கட்டச் சம்பலும். பத்து மணிக்கு வெறுஞ்சாயமும் நான்கு கிறீம் கிரேக்கர் பிஸ்கட்டும். பகலில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி. மாலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. இரவில் மறுபடியும் சோறு, பகல் மிஞ்சிய கறி. இவற்றில் ஒரு தேக்கரண்டி சீனிகூட இல்லை என்பது உண்மைதான்.

ஆனால் மாச்சத்து இருக்கிறது. பாடசாலையில் காபோவைதரேற்று என்று படித்தோமே, அதுதான். சோறு, ரொட்டி, பாண், இடியப்பம், பிட்டு, கிழங்கு எதுவானாலும் அதிலுள்ள மாச்சத்து குடலில் உடைந்து குளுக்கோசாக மாறித்தான் இரத்தத்தில் சேர்கிறது. நாக்குக்கு இனிக்காவிட்டாலும் இரத்தத்துக்கு அது சீனிதான். உடலில் சுரக்கும் இன்சுலின் அந்தக் குளுக்கோசைத் தசைகளுக்குள் அனுப்பும் வேலையைச் செய்கிறது. நீரிழிவு உள்ளவரின் உடலில் இன்சுலின் போதாமல் இருக்கும், அல்லது இருந்தும் சரியாக வேலை செய்யாமல் இருக்கும். அதனால் குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்கி நிற்கிறது.

நான் என் பையிலிருந்து ஒரு தேநீர்க் கோப்பையை எடுத்தேன். "வழக்கமாகப் போடும் அளவு சோற்றைத் தட்டில் போடுங்கள்" என்றேன். அவர் போட்டதை மறுபடியும் கோப்பையால் அளந்தோம். மூன்று கோப்பைக்குச் சற்று மேலே வந்தது. ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாச்சத்து உண்டு. ஒரு தேக்கரண்டிச் சீனி 5 கிராம் என்று வைத்தால், அது ஒன்பது தேக்கரண்டிக்குச் சமம். மூன்று கோப்பை என்றால் இருபத்தேழு! அந்தத் தாய் சிறிது நேரம் பேசவேயில்லை. பிறகு, "இத ஏன் மிஸ் யாருமே சொல்லல?" என்றார்.

சொல்லியிருப்பார்கள். "சோத்தக் குறைங்க அம்மா" என்று கிளினிக்கில் சொல்லத்தான் செய்கிறார்கள். நீண்ட வரிசையில் நிற்பவருக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லப்படும் அந்த வார்த்தை, வீட்டுக்கு வந்ததும் காற்றோடு போய்விடுகிறது. எவ்வளவு குறைப்பது? குறைத்தால் பசிக்கு எதைச் சாப்பிடுவது? அதைச் சொல்லித்தர ஆளில்லை.

நமது தட்டு ஏன் இப்படி ஆனது?

இலங்கையர் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் மாச்சத்திலிருந்தே வருவதாக நமது நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இது எவருடைய தனிப்பட்ட தவறும் அல்ல. இதற்கு ஒரு வரலாறு உண்டு.

தோட்டங்களுக்கு வந்த நமது முன்னோர்க்கு அரிசியே கூலியோடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட உணவாக இருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. நாட்டில் உணவுப் பங்கீட்டு முறை வந்தது. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசி என்பது இந்த நாட்டில் எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? பின்னர் 1980இல் திருகோணமலையில் பிரிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. ரொட்டியும் பாணும் நமது காலை உணவாக நிலைத்துவிட்டன.

அன்றைய மனிதர் விடிந்தது முதல் மாலை வரை மலை ஏறி இறங்கி உழைத்தார். சாப்பிட்ட சோறு உழைப்பில் கரைந்தது. இன்று தையல் இயந்திரத்தின் முன்னாலும் கடை மேசைக்குப் பின்னாலும் தொலைக்காட்சிக்கு எதிரிலும் அமர்ந்திருக்கிறோம். தட்டு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

விளைவு என்ன? 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட இன்னொரு நாடளாவிய ஆய்வில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் என்றானது. இரண்டையும் அளந்த முறைகள் சற்று வேறுபட்டாலும், போகும் திசை தெளிவாகத் தெரிகிறது. நான்கு பேர் அமர்ந்து சாப்பிடும் வீட்டில் ஒருவருக்கு இந்த வருத்தம் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் எவ்வளவு?

சமைக்கும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது. அளவுகள் அண்ணளவானவை.

சோறு, ஒரு தேநீர்க் கோப்பை: 45 கிராம் மாச்சத்து.
பாண், ஒரு துண்டு: 13 முதல் 15 கிராம்.
கோதுமை மா, 100 கிராம்: 75 கிராம்.
மரவள்ளிக்கிழங்கு, 100 கிராம்: 38 கிராம்.
ஈரப்பலாக்காய், 100 கிராம்: 27 கிராம்.
உருளைக்கிழங்கு, 100 கிராம்: 17 முதல் 20 கிராம்.
அவித்த பருப்பு, 100 கிராம்: 20 கிராம். ஆனால் இதில் எட்டு கிராம் வரை நார்ச்சத்து. ஒன்பது கிராம் புரதமும் உண்டு.
போஞ்சி, கோவா, கத்தரிக்காய், 100 கிராம்: 6 முதல் 7 கிராம்.
முட்டை ஒன்று: ஒரு கிராமுக்கும் குறைவு. புரதம் 6 கிராம்.
மீன், கோழி இறைச்சி: மாச்சத்து இல்லை.

இங்கே சில தவறான எண்ணங்களையும் சரிசெய்துகொள்வோம். "சிவப்பரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம்" என்கிறார்கள். தவிடு நீக்காத சிவப்பரிசியில் நார்ச்சத்து கூடுதல், அது நல்லதுதான். ஆனால் மாச்சத்து ஏறக்குறைய அதே அளவு. "குரக்கன் ரொட்டி சீனி வருத்தத்துக்கு மருந்து" என்கிறார்கள். குரக்கனில் கல்சியமும் நார்ச்சத்தும் அதிகம். ஆனால் 100 கிராம் குரக்கன் மாவிலும் 70 கிராமுக்கு மேல் மாச்சத்து உண்டு. ஒரு ரொட்டி நல்லது, நான்கு ரொட்டி நல்லதல்ல. "சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி போடுகிறேன்" என்பவர்களும் உண்டு. கருப்பட்டியும் சீனியின் உறவுதான். கடித்துக் குடித்தாலும் கரைத்துக் குடித்தாலும் கணக்கில் சேரும்.

கிறீம் கிரேக்கரும் அப்படியே. இனிப்பில்லாத பிஸ்கட் என்று நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாங்கிப் போகிறோம். அதுவும் மாவுதான்.

அளவு முற்றாகக் குறைய வேண்டுமா?

மாச்சத்தைக் குறைத்து உண்ணும் பழக்கம் மேல்நாடுகளில் புதிதல்ல. 1863இலேயே லண்டனைச் சேர்ந்த வில்லியம் பாண்டிங் என்பவர், பாணையும் சீனியையும் உருளைக்கிழங்கையும் நிறுத்தி உடல் மெலிந்ததைச் சிறு நூலாக எழுதினார். 2019இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெளியிட்ட அறிக்கையும், இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்த மாச்சத்தைக் குறைப்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன என்று ஏற்றுக்கொண்டது. அங்கே சிலர் சோறு, பாண் எதையுமே தொடாமல் இறைச்சியும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமாகச் சாப்பிடுகிறார்கள். நமது வருமானத்துக்கும் வழக்கத்துக்கும் அது ஒத்துவராது. வந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் நிலைக்காது.

நமக்குப் பொருத்தமான வழியை அயல்நாடான இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தினர் 18,090 பேரின் உணவுத் தகவல்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டுச் சக்தியில் மாச்சத்தின் பங்கைச் சுமார் 50 முதல் 55 வீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 வீதம் வரை கூட்டினாலே புதிதாக நீரிழிவு கண்டவர்களுக்குப் பெரிய பயன் கிடைக்கக்கூடும் என்பது அதன் சாரம். அதாவது, சோற்றை நிறுத்தத் தேவையில்லை. மூன்று கோப்பையை ஒன்றாக்கி, காலியான இடத்தை மரக்கறியாலும் கீரையாலும் பயற்றாலும் முட்டையாலும் மீனாலும் நிரப்ப வேண்டும். காலியாக விட்டால் பசி விடாது. இரண்டாம் நாளே பழைய பானைக்குத் திரும்பிவிடுவோம்.

பானையின் அடியில் மிஞ்சுவது யாருக்கு?

அந்தத் தோட்டத்தில் பெண்கள் எட்டுப் பேரை ஒன்றுகூட்டி, அவரவர் பகல் சாப்பாட்டைத் தத்தமது தட்டிலேயே போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். எட்டுத் தட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. எல்லாத் தட்டிலும் சோறு குவிந்திருந்தது. கறி ஓரத்தில் கொஞ்சம். மூன்று தட்டுகளில் குழம்பு மட்டும். ஒரு தட்டிலும் மீன் துண்டு இல்லை. அன்று அந்த வீடுகளில் மீன் வாங்கவில்லையா என்றால், இரண்டு வீடுகளில் வாங்கியிருந்தார்கள்.

"வேல செஞ்சிட்டு வர்ற மனுசனுக்கும் படிக்கிற பிள்ளைங்களுக்கும் வச்சிட்டேன் மிஸ். நமக்கென்ன, கொழம்பு ஊத்திக்கிட்டா போதாதா?" என்றார் ஒரு சகோதரி. அவரும் காலை முதல் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்தான்.

பேராதனையில் சமூகவியல் படித்த காலத்தில், ஒரு வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார், யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்று பார்த்தாலே அந்த வீட்டின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரியும் எனப் பேசியிருக்கிறோம். அப்போது அது பரீட்சைக்கான விடை. அந்த எட்டுத் தட்டுகளைப் பார்த்தபோதுதான் அது நோய்க்கான விடையும் என்று விளங்கியது. கடைசியில் சாப்பிடுபவருக்கு மிஞ்சுவது சோறும் குழம்பும். புரதம் முதலில் தீர்ந்துவிடுகிறது. மிஞ்சிய சோற்றை வீசக்கூடாது என்று அதையும் தாய்தான் சாப்பிடுகிறாள். "என் வயிறுதான் மிஸ் வீட்டுக் குப்பைத் தொட்டி" என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, மாச்சத்துக் குறைந்த சாப்பாடு என்பது புதிய கறி ஒன்றைக் கற்றுக்கொள்வதால் மட்டும் வராது. பானையிலிருந்து பங்கிடும்போது உங்களுக்கும் ஒரு முட்டை, ஒரு மீன் துண்டு, ஓர் அகப்பைக் கடலை என்று எடுத்துவைப்பதில்தான் தொடங்குகிறது. ஐந்து பேருக்கு நான்கு துண்டு மீன்தான் என்றால், நான்கையும் உதிர்த்துக் கறியாக்கி ஐந்தாகப் பங்கிடுங்கள். அடுத்தநாள் சோற்றுக்கு அரிசி போடும்போது ஒரு சுண்டு குறைத்துப் போடுங்கள். மிஞ்சாவிட்டால் அதைச் சாப்பிட வேண்டிய கட்டாயமும் இராது.

காலை, பகல், இரவு

கண்டியில் வாழும் நமக்கு ஒரு பாக்கியம் உண்டு. நுவரெலியா பக்கத்திலிருந்து வரும் கோவா, லீக்ஸ், போஞ்சி, கரட், நோக்கோல் எல்லாம் கண்டி மத்திய சந்தையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் குவிகின்றன. மாலை வேளையில் போனால் குறைந்த விலைக்கும் கிடைக்கும். வேலியோரத்தில் வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை வளர்கின்றன. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு எதையும் யோசித்துத்தான் வாங்குகிறோம். எனவே கீழே சொல்லியிருப்பவை எல்லாம் சாதாரண வீட்டுக்கு உரியவை.

காலையில்: மூன்று ரொட்டிக்குப் பதில் ஒரு ரொட்டி, ஒரு அவித்த முட்டை, வல்லாரைச் சம்பல். அல்லது அவித்த கடலை, கௌபி, பாசிப்பயறு இவற்றில் ஒன்றை ஒரு சிறிய கோப்பை, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துத் தாளித்துச் சாப்பிடலாம். நமது சிங்களச் சகோதரிகள் காய்ச்சும் இலைக்கஞ்சி, அதாவது கொலகெந்த, நல்ல உணவு. அரிசியைக் கைப்பிடியாகக் குறைத்து இலைச்சாற்றைக் கூட்டுங்கள். கருப்பட்டியைக் கடிக்க வேண்டாம். இடியப்பம் என்றால் மூன்றோடு நிறுத்தி, முட்டை போட்ட சொதியும் மீன் கறியும் தாராளமாக.

பகலில்: தட்டை மனத்தில் நான்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கு மரக்கறியும் கீரையும். ஒரு பங்கு மீன், முட்டை, கோழி, பயறு, சோயா இவற்றில் ஏதாவது. மீதி ஒரு பங்கு மட்டும் சோறு. சோற்றோடு உருளைக்கிழங்குக் கறியை வைத்தால் இரண்டும் மாச்சத்தே. அதற்குப் பதில் போஞ்சி, கத்தரி, வெண்டி, புடோல், பாகல். யாழ்ப்பாணத்தார் வறை என்றும் சிங்களவர் மல்லுங் என்றும் சொல்லும் கீரைச் சுண்டல் ஒவ்வொரு நாளும் இருக்கட்டும். சாப்பிடும்போது முதலில் கீரையையும் மரக்கறியையும் பாதி சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வையுங்கள். வயிறு நிறைந்த உணர்வு முன்னதாகவே வரும்.

மாலையில்: பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு பிடி வறுத்த கச்சான் அல்லது கடலை. தேநீரில் சீனி போடுபவர்கள் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 50 கிராம் சீனி. ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்கள் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். இஞ்சி தட்டிப் போட்ட சாயத்துக்குச் சீனி தேவையே இல்லை.

இரவில்: மரக்கறியும் முட்டையும் போட்ட ஒம்லட், அல்லது கோழியும் லீக்ஸும் போட்ட சூப், அல்லது பருப்பும் கீரையும் கடைந்து அரைக் கோப்பைச் சோறு. கூடுமானவரை நேரத்தோடு.

செய்து பார்க்க மூன்று

1. கீரை முட்டை ரொட்டி

தேவையானவை: கோதுமை மா அல்லது குரக்கன் மா ½ கோப்பை, தேங்காய்ப்பூ 1 கோப்பை, பொடியாக நறுக்கிய கீரை 1 கோப்பை, முட்டை 1, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு.

செய்முறை: எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசையுங்கள். கீரையிலும் முட்டையிலும் ஈரம் இருப்பதால் தண்ணீரைத் தெளித்தால் போதும். நான்காகப் பிரித்து, எண்ணெய் தடவிய கையால் தட்டி, மெல்லிய சூட்டில் இரண்டு பக்கமும் வேகவிடுங்கள். ஒரு கோப்பை மாவில் நான்கு தட்டும் சாதாரண ரொட்டி ஒன்றில் 22 கிராமுக்கு மேல் மாச்சத்து இருக்கும். இதில் ஏறத்தாழ 13 கிராம்தான். பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

2. கோவாச் சோறு

தேவையானவை: கோவா 300 கிராம், ஆறிய சோறு 1 கோப்பை, முட்டை 2, லீக்ஸ் 1, கரட் பாதி, பூண்டு, மிளகுத்தூள், கறிவேப்பிலை, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு.

செய்முறை: கோவாவை அரிசி மணி அளவுக்குக் கொத்துங்கள். எண்ணெயில் பூண்டும் கறிவேப்பிலையும் தாளித்து, கரட், லீக்ஸ், கோவா என்ற வரிசையில் போட்டுப் பெரிய நெருப்பில் நான்கைந்து நிமிடம் வதக்குங்கள். மூட வேண்டாம், மூடினால் தண்ணீர் விடும். முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, கடைசியில் சோற்றைச் சேருங்கள். மூன்று பேருக்குப் போதும். பார்ப்பதற்குத் தட்டு நிறையச் சோறு. ஆனால் உள்ளே ஒருவருக்கு மூன்றில் ஒரு கோப்பைச் சோறுதான். "கண் நெறஞ்சா வயிறும் நெறஞ்ச மாதிரிதான்" என்று அந்தத் தாய் சொன்னது இந்தச் சோற்றைத்தான்.

3. பிஞ்சுப் பலாக்காய்க் கறி

பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வீ. டயஸ் என்பவர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் பலாமரம் நடும் இயக்கத்தை நடத்தினார். அதனால் அவரைக் "கொஸ் மாமா", பலா மாமா என்றே அழைத்தார்கள். பஞ்ச காலத்தில் பலா பல உயிர்களைக் காத்தது. முற்றிய பலாக்காயும் பலாக்கொட்டையும் சோற்றைப் போல மாச்சத்து நிறைந்தவை. பொலொஸ் என்னும் பிஞ்சு அப்படியல்ல, நார்ச்சத்து கூடியது. நோயாளிக்கு ஏற்றது அதுதான்.

தேவையானவை: பிஞ்சுப் பலாக்காய் 500 கிராம், ஊறவைத்து அவித்த கடலை ½ கோப்பை, வெங்காயம் 1, பச்சை மிளகாய் 3, பூண்டு, கறிவேப்பிலை, ரம்பை, கறுவாப்பட்டை, வறுத்த கறித்தூள் 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, மஞ்சள், கொறுக்காய் 2 துண்டு, இரண்டாம் தேங்காய்ப்பால் 2 கோப்பை, முதற்பால் ¼ கோப்பை, உப்பு.

செய்முறை: பால் ஒட்டாமல் இருக்கக் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தோலைச் சீவுங்கள். துண்டுகளாக வெட்டி மஞ்சள் கலந்த தண்ணீரில் போடுங்கள். முதற்பாலும் கடலையும் தவிர மற்ற எல்லாவற்றையும் சட்டியில் சேர்த்து, மெல்லிய நெருப்பில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகவிடுங்கள். துண்டு மெதுவானதும் கடலையையும் முதற்பாலையும் சேர்த்து இறக்குங்கள். இறைச்சிக் கறி போலிருக்கும். சோறு குறைவாக இருப்பதே தெரியாது.

தேங்காயில் மாச்சத்து குறைவுதான். ஆனால் கொழுப்பு உண்டு. எனவே மாச்சத்தைக் குறைக்கிறோம் என்று தேங்காய்ப்பாலையும் பொரியலையும் இரட்டிப்பாக்கிவிடாதீர்கள். நெத்தலிக் கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பும் பகைதான்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

இதை எழுதாமல் விட்டால் நான் தவறு செய்தவளாவேன். எட்டுத் தட்டுகளைப் பார்த்த அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு சகோதரி, மறுநாள் முதல் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டார். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் காலை, தண்ணீர்ப் பீலியடியில் கைகால் நடுங்கி, வியர்த்து, கண் இருட்டி விழுந்துவிட்டார். நல்ல வேளையாகப் பக்கத்தில் நின்ற பெண் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறார். செய்தி கேட்டு ஓடினேன். "நீங்கதானே மிஸ் சோத்தக் கொறைக்கச் சொன்னீங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அதிகம் வலித்தது. மாத்திரையைப் பற்றி அன்று நான் தெளிவாகச் சொல்லவில்லை. அது என் பிழை.

எனவே கேளுங்கள். இன்சுலின் ஊசி போடுபவர்களும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், டோல்பியூட்டமைட் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களும் வைத்தியரிடம் சொல்லாமல் மாச்சத்தைத் திடீரென்று குறைக்கக் கூடாது. சீனி அளவு கீழே போய்விடும். சாப்பாடு குறையும்போது மருந்தையும் வைத்தியர் மாற்ற வேண்டும். எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் போன்ற புதிய மாத்திரைகள் எடுப்பவர்கள் மாச்சத்தை மிகவும் குறைத்தால் வேறொரு ஆபத்து உண்டு. இரத்தத்தில் அமிலத்தன்மை கூடிவிடலாம். மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் உறையையே கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, தலைச்சுற்று வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுநீரக நோயாளிகளும் தாமாக உணவை மாற்ற வேண்டாம். வளரும் பிள்ளைகளின் சோற்றைக் குறைக்க வேண்டாம். நோயில்லாமல் நாள் முழுதும் மலையில் உழைக்கும் சகோதரிக்கும் சோறு வேண்டும்; அவருடைய தட்டில் சோற்றைக் குறைப்பதைவிடப் பயற்றையும் முட்டையையும் சேர்ப்பதே முதல் வேலை.

கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்தது என்று சொல்லப்பட்டவர்கள், பிள்ளை பிறந்தபின் அதை மறந்துவிடாதீர்கள். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு உங்களுக்கு அதிகம். உங்கள் பிரதேச வைத்தியசாலையிலுள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தச் சீனி, இரத்த அழுத்தம் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போகிறோம். நமக்காக ஒரு நாள் போவதில்லை.

கோப்பை இன்னும் அடுப்படியில்

சோற்றை ஒரேயடியாக நிறுத்திய சகோதரி மறுபடியும் கிளினிக் சென்றார். வைத்தியர் மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார். இப்போது வேளைக்கு ஒரு கோப்பைச் சோறு சாப்பிடுகிறார். என்னோடு பேசுகிறார்.

ஹந்தானைத் தாயும் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டே குறைத்தார். முதலில் இரவுச் சோறு இரண்டு கோப்பையானது, பிறகு ஒன்று. காலையில் ஒரு ரொட்டி. மூன்று மாதத்துக்குப் பின் வெறும் வயிற்றுச் சீனி 150க்குக் கிட்ட வந்தது. இன்னும் இறங்க வேண்டும். ஆனால் அவர் என்னிடம் காட்டியது கிளினிக் புத்தகத்தை அல்ல. அவருடைய மருமகளுக்கு இரண்டாவது பிள்ளையின்போது சீனி கூடியிருந்ததாம். "இவளுக்கும் ஒரு தட்டு அளந்து வக்கிறேன் மிஸ். முட்டையோட" என்றார். மருமகள் அடுப்படியில் நின்று வெட்கத்தோடு சிரித்தார். மாமியார் மருமகளுக்கு முட்டை எடுத்துவைக்கும் வீட்டில் வருத்தம் நுழைவதற்குச் சற்றுக் கஷ்டப்படும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று நான் விட்டுவந்த தேநீர்க் கோப்பை இப்போதும் அவர்களின் அரிசி வாளிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு கோப்பை இருக்கும், சகோதரிகளே. இன்று பகல் சாப்பாட்டுக்கு அமருமுன் ஒருமுறை அளந்து பாருங்கள். பிறகு, மீன் சட்டியில் உங்களுக்கும் ஒரு துண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.